30-லிருந்து 45-க்கு

தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் படித்தவர்களிடம் "என்ன முடிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். லோயர், இல்லையென்றால் ஹையர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும் தேர்வு இது. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. வார்த்தை என்றால் நிஜ வார்த்தை இல்லை, ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு. ஆக, பத்து நிமிட ஸ்பீடு பேப்பரில் லோயர் எழுதுகிறவர் 1500 தட்டும் ஹையர் எழுதுகிறவர் 2250 தட்டும் தட்டி முடித்திருக்க வேண்டும்.

இதை விநாடிக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். லோயரில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 0.4 விநாடி இருக்கிறது. ஹையரில் சுமார் 0.27 விநாடிதான். ஒரு விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்து என்று சொன்னால், அதற்கே மனிதனுக்குக் கிட்டத்தட்டக் கால் விநாடி ஆகிவிடுகிறது. பல எழுத்துகளில் இது எந்த எழுத்து, எந்த விரல் என்று தேர்ந்தெடுத்து அழுத்துவதற்கு இன்னும் கூடுதலாகவே ஆகும். அதாவது ஓர் எழுத்தைப் பார்த்து, அதன் இடத்தை யோசித்து, விரலை அனுப்பி, பிறகு அடுத்த எழுத்துக்குப் போவது என்ற முறையில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஹையர் பாஸ் பண்ண முடியாது. லோயரில் செய்ததையே ஒன்றரை மடங்கு வேகமாகச் செய்தால் ஹையர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நடுவில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். 30-ல் செய்யும் வேலை வேறு, 45-ல் செய்யும் வேலை வேறு.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது "செய்யச் செய்ய வேகம் வரும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். செய்யச் செய்ய, செய்கிற காரியமே உள்ளுக்குள் வேறொன்றாக மாறுகிறது, வேகம் அந்த மாற்றத்தின் பின்னால் வந்து சேர்கிறது என்பது என் எண்ணம். மிருதங்கம், வீணை என்று பெரிய கலைகளை எடுத்துக்கொண்டு இதைச் சொல்லலாம்தான், ஆனால் அங்கே பிறவித் திறமை, குரு, குடும்பம் என்று பேச்சு வேறெங்கோ போய்விடும். டைப் கிளாஸில் அந்தத் தொந்தரவு இல்லை. பத்தாவது முடித்த லீவில், பிளஸ் டூ முடித்த லீவில், வீட்டில் சும்மா இருக்காதே என்று அனுப்பப்பட்ட சாதாரணப் பிள்ளைகள்தான் வருவார்கள். யாருக்கும் டைப்ரைட்டிங் ரத்தத்தில் ஓடவில்லை.

நானும் அப்படிப் போனவன்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது இன்ஸ்டிடியூட். ரெமிங்டன், காட்ரெஜ், ஃபேசிட் என்று கலந்து வைத்திருந்தார்கள். கீ மேல் இருக்கும் எழுத்து பாதி தேய்ந்துபோன மெஷின்தான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும், புது மெஷின் எல்லாம் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு. அது வேண்டுமென்றே செய்ததா, பழைய சாமானைத் தள்ளிவிட்டதா தெரியாது, விளைவு மட்டும் நல்லதாக இருந்தது. எழுத்தே இல்லாத கீயைக் குனிந்து பார்த்து என்ன பிரயோஜனம்?

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். இடது கையில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலது கையில் செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. பக்கம் பக்கமாக அதையே. மேடம் நடந்துகொண்டே இருப்பார், யார் கையையும் அதிகம் பார்க்க மாட்டார், மெஷினிலிருந்து உருவிய தாளைத்தான் பார்ப்பார். தாளைப் பார்த்தே கை எப்படிப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஏ மங்கலாக விழுந்திருந்தால் இடது சுண்டுவிரலில் பலம் இல்லை. எஃப், ஜே மட்டும் தாளைக் குத்திக் கிழிப்பதுபோல் கறுப்பாக இருந்தால் ஆள்காட்டி விரல் மற்ற விரல்களை மதிக்காமல் ஓடுகிறது. கேப்பிட்டல் எழுத்து வரியை விட்டு மேலேறி நின்றால் ஷிப்ட் கீயை முழுதாக அழுத்தும் முன்பே அடித்தாயிற்று. இரண்டு எழுத்துக் கம்பி ஒன்றோடொன்று சிக்கி நடுவில் நின்றால் தாளம் தப்பிவிட்டது. இன்றைக்கு ஆயிரம் ஆப் வந்துவிட்டன, எத்தனை தவறு, என்ன வேகம் என்று கலர் கலராகப் போட்டுக் காட்டுகின்றன. ஆனால் சுண்டுவிரல் சோம்பல்படுகிறது என்று மங்கிய மையில் காட்டிக்கொடுத்த அந்தத் தாளைப்போல ஒரு வாத்தியாரை நான் பிறகு பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் சின்னச் சின்ன வார்த்தைகள். ஆங்கிலத்தில் 'தி' என்ற மூன்றெழுத்து வார்த்தை எத்தனை தடவை வரும் என்பது டைப் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் அது டி, எச், இ என்று மூன்று தனி வேலை. ஒரு நாள், எந்த நாள் என்று சொல்ல முடியாது, அது ஒரே வேலையாகிவிடுகிறது. கைவீச்சில் 'தி' என்று விழுகிறது. அப்புறம் 'ஆண்ட்', அப்புறம் வார்த்தைக் கடைசியில் வரும் 'ஷன்', 'இங்'. இப்படிச் சேர்த்துக் கட்டிய துண்டுகள் கையில் பெருகப் பெருக, நடுவில் யோசிக்கிற இடங்கள் குறைகின்றன.

இதை முதலில் கவனித்து எழுதிவைத்தவர்கள் தந்தி ஆபீஸ்காரர்களை ஆராய்ந்தவர்கள். அமெரிக்காவின் இண்டியானாவில் வில்லியம் லோ பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர், 1897-லும் 1899-லும் இரண்டு ஆய்வுகள் வெளியிட்டார்கள். இருவரில் ஹார்ட்டரே தந்தி அடித்தவர். தந்தி கற்றுக்கொள்கிறவர்களின் வேகத்தை வாரா வாரம் அளந்து கோடாகப் போட்டார்கள். அனுப்புகிற வேகம் ஒழுங்காக மேலே ஏறி, பிறகு மெல்லப் படிந்தது. வாங்குகிற வேகம் அப்படி இல்லை. கொஞ்சம் ஏறி, பிறகு வாரக்கணக்கில் அசையாமல் படுத்துக்கிடந்து, ஒரு கட்டத்தில் திடீரென்று மறுபடி ஏறியது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: முதலில் எழுத்தெழுத்தாகக் கேட்கிறான், பிறகு வார்த்தை வார்த்தையாக, தேர்ந்த பிறகு வாக்கியம் வாக்கியமாக. கோடு படுத்துக்கிடந்த வாரங்களில் கீழ்த்தளத்து வேலை இறுகிக்கொண்டிருந்தது, அது தானாக நடக்கும் அளவுக்கு இறுகிய பிறகுதான் மேல்தளம் திறந்தது.

கேட்க அழகாக இருக்கிறது, நம்பவும் ஆசையாக இருக்கிறது. ஆனால் 1958-ல் ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர், தந்தியின் மோர்ஸ் குறியீட்டைக் கற்கும் பயிற்சியில் அப்படி ஒரு சமதளம் இருப்பதற்கே சரியான ஆதாரம் இல்லை, அது ஒரு மாயத் தோற்றம் என்று எழுதினார். எழுத்து துண்டாகி, துண்டு வார்த்தையாவது உண்மை. நின்றுபோகிற காலம் எல்லோருக்கும் வந்தே தீர வேண்டிய விதி அல்ல. எங்கள் இன்ஸ்டிடியூட்டில் பார்த்ததை வைத்துச் சொன்னால், 35-ல் நின்றவர்கள் எல்லாம் உள்ளே ஏதோ இறுகிக்கொண்டிருந்ததால் நின்றவர்கள் இல்லை. லோயர் பாஸாகிவிட்டது, சர்டிபிகேட் வந்துவிட்டது, கல்லூரி திறந்துவிட்டது, கிளாஸுக்கு வந்தாலும் மனசு வரவில்லை. "கொஞ்சம் பொறு, சமதளம் தாண்டினா தானா ஏறும்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் அது பச்சைப் பொய்.

இனி, தினமும் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்ற விஷயத்துக்கு வருகிறேன். டைப் கிளாஸ் என்றால் தினமும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். காலை ஆறு மணி பேட்ச், ஏழு மணி பேட்ச் என்று போய்க்கொண்டே இருக்கும். மெஷின் குறைவு, ஆள் அதிகம், அதனால் இப்படிப் பிரித்தார்கள், இதில் கல்வித் தத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் பிரிட்டிஷ் தபால் துறைக்காக ஆலன் பேடலியும் லாங்மனும் செய்த ஒரு சோதனை 1978-ல் வெளியானது. தபால்காரர்களுக்கு அஞ்சல் குறியீடு அடிக்க விசைப்பலகை கற்றுக்கொடுக்க வேண்டும். ஆட்களை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம், இன்னொன்றுக்கு ஒரு மணி நேரமாக இரண்டு வேளை, மூன்றாவதுக்கு இரண்டு மணி நேரம் ஒரே வேளை, கடைசிக் குழுவுக்கு இரண்டு மணி நேரமாக இரண்டு வேளை என்று பயிற்சி கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் சுமார் 55 மணி நேரத்தில் எட்டிய இடத்துக்கு, நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குச் சுமார் 80 மணி நேரம் தேவைப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கப்புறம் வருகிறது. பயிற்சி எப்படி இருந்தது என்று அவர்களிடமே கேட்டபோது அதிகம் அலுத்துக்கொண்டது அந்த ஒரு மணி நேரக் குழுதான். நாள் கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு இழுத்துக்கொண்டே போனதல்லவா, மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள் என்று தோன்றியிருக்கிறது. நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். நல்ல பயிற்சி எது என்று கற்றுக்கொள்கிறவனிடமே கேட்டால் அவன் தப்பான பதிலைச் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். இங்கேயும் பரீட்சைக்குப் பதினைந்து நாள் முன்பு வந்து "மேடம், ரெண்டு பேட்ச் சேர்த்து உட்காரட்டுமா?" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. மேடம் மெஷின் காலியாக இல்லை என்பார். அவர்கள் முறைப்பார்கள்.

நன்றாகப் பழகிய கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கையின் சொந்தக்காரனுக்குத் தெரியாது. உங்கள் ஆபீஸில் வேகமாக டைப் அடிப்பவர் யாரையாவது பிடித்து, கீபோர்டைக் காட்டாமல், வெற்றுக் கட்டங்கள் வரைந்த தாளைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். 2014-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். நிமிடத்துக்குச் சராசரி 72 வார்த்தை அடித்தவர்கள், 80 விநாடி நேரம் கொடுத்தும் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். கேட்டால் தெரியாது, அடித்தால் தெரியும்.

அதே பல்கலைக்கழகத்தின் கோர்டன் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் 2010-ல் செய்தது இன்னும் விஷமத்தனமானது. ஒருவர் சரியாக அடித்தாலும் திரையில் வேண்டுமென்றே தவறாகக் காட்டினார்கள், தவறாக அடித்தால் சத்தமில்லாமல் திருத்திக் காட்டினார்கள். அடித்தவர்கள் திரையை நம்பினார்கள், திரையில் தவறாக இருந்தால் நான்தான் தவறாக அடித்தேன் என்றார்கள். விரல்கள் நம்பவில்லை. உண்மையாகத் தவறு நடந்த இடத்தில் மட்டும் அடுத்த தட்டு கொஞ்சம் தாமதித்தது, திரை செய்த பொய்க்கு விரல் அசரவில்லை. எந்த எழுத்தை எந்தக் கை அடிக்கிறது என்று கவனிக்கச் சொன்னால் தேர்ந்தவர்களே தடுமாறுகிறார்கள் என்பதையும் முந்தைய வருடம் இதே இருவர் காட்டியிருந்தார்கள். பரீட்சையில் "கையைக் கவனி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்கள் சிக்கிக்கொள்வது இதனால்தான் போலும்.

சரி, இப்படி எல்லாம் தானாக நடக்கும் நிலைக்கு வந்துவிட்டால் வருடம் ஏற ஏற வேகமும் ஏற வேண்டுமே? ஏறுவதில்லை. இருபது வருடமாகத் தினமும் கீபோர்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஆபீஸ்களில் நிறைய. ஐந்தாவது வருடத்தில் அடித்த அதே வேகம்தான் இருபதாவது வருடத்திலும். ஏனென்றால் அவர்கள் டைப் அடிப்பது வேலைக்காக, டைப் அடிப்பதற்காக இல்லை. கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று யோசிப்பதில்தான் நேரம் போகிறது, விரல் காத்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு பேக்ஸ்பேஸ் வேறு. தவறு நடந்த அடுத்த நொடியே அது அழிந்துவிடுகிறது, எந்த எழுத்தில், எந்த விரலில் திரும்பத் திரும்பத் தவறுகிறோம் என்று கடைசிவரை தெரிவதே இல்லை. மங்கிய ஏ காட்டிக்கொடுத்த மாதிரி காட்டிக்கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

வருடக்கணக்கில் முன்னேறிக்கொண்டே போனவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. 1959-ல் கிராஸ்மன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சுருட்டு செய்யும் மெஷினில் வேலை பார்த்த பெண்களின் வேகத்தை வெளியிட்டார். சுமார் இரண்டு வருடம் வரை ஒரு சுருட்டுக்கு ஆகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் மெஷினின் சுற்றே அதற்குமேல் இடம் கொடுக்காத நிலையில்தான் நின்றது. ஆனால் அவர்கள் நாள் முழுக்கச் செய்தது அந்த ஒரே காரியம், ஆபீஸ்காரர் செய்வதோ நூறு காரியம். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதையாகலாம் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அது 1993-ல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சன் வெளியிட்ட ஆய்விலிருந்து பிய்த்தெடுத்த எண், அதுவும் ஒரு குழுவின் சராசரி. அப்படி ஒரு விதியே கிடையாது என்று அவரே பிற்பாடு சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

இன்ஸ்டிடியூட்காரர்களுக்குக் கசக்கும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் முப்பது பேரின் விரல் அசைவைக் கேமராக்களால் பதிவு செய்து பார்த்தபோது, பத்து விரலாலும் முறைப்படி அடித்தவர்களும், தானாகப் பழகிக் குறைந்த விரல்களால் அடித்தவர்களும் வேகத்தில் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். தானாகப் பழகியவர்களிலும் நிமிடத்துக்கு 70 வார்த்தை தொட்டவர்கள் உண்டு. 2018-ல் 1,68,000 பேர் இணையத்தில் அடித்துக்கொடுத்ததைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 13.6 கோடித் தட்டுகள். சராசரி வேகம் 52. டைப்பிங் கோர்ஸ் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் ஏ எஸ் டி எஃப் எல்லாம் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகமானவர்களைப் பிரித்துக்காட்டியது விரல் எண்ணிக்கை இல்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் எப்போதும் ஒரே விரலை அனுப்புகிற ஒழுங்கு. இன்றைக்கு ஆள்காட்டி விரல், நாளைக்கு நடுவிரல் என்று மாறிக்கொண்டே இருந்தால் துண்டு கட்டவே முடியாது. மேடம் பிரம்பைத் தட்டிச் சொல்லிக்கொடுத்த விரல் ஒழுங்கைச் சிலர் தாமாகவே வேறொரு ஒழுங்காக அமைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் எத்தனை வருடம் தடவித் தடவி அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கற்றது எந்த மெஷினில் என்பதும் ஒரு பெரிய விஷயம். கம்ப்யூட்டரில் வேகமாக அடிப்பவர்கள் ஒரு கீயிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்த கீயை அழுத்திவிடுகிறார்கள். மிக வேகமானவர்களிடம் 40-லிருந்து 70 சதவீதத் தட்டுகள் இப்படித்தான் விழுகின்றனவாம். இதையே பழைய ரெமிங்டனில் செய்தால் கம்பி இரண்டும் சிக்கிக்கொள்ளும். ஒரு கீ முழுதாக எழும்பிய பிறகு அடுத்தது, ஒரே தாளத்தில், என்று எங்களுக்கு ஊட்டப்பட்டது அந்த மெஷினுக்கான அறம். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு என் கை அந்தத் தாளத்தை விடுவதற்கு ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது, இன்னமும் முழுசாக விட்டதா என்று சந்தேகம்.

தமிழில் இது இன்னும் கடுமை. யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா 1930களில் வடிவமைத்த தமிழ் தட்டச்சு வழியில் வந்த மெஷினில் எழுத்து கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில்தான் அடிக்க வேண்டும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. 1999-ல் கம்ப்யூட்டருக்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகையில் தலைகீழ், முதலில் 'க', பிறகு 'எ'. தமிழ் ஹையர் முடித்த ஒருவர் தமிழ்99-க்கு மாறும்போது புதிதாக வருகிற சிறுவனைவிடத் தடுமாறுவார். கீயின் இடம் மாறியது மட்டும் என்றால் சமாளிக்கலாம், இங்கே கையில் கட்டி வைத்திருந்த ஒவ்வொரு துண்டும் உள்ளுக்குள்ளேயே புரண்டு கிடக்கிறது. தமிழ்99 எவ்வளவோ சுலபம், உயிர் இடப்பக்கம் மெய் வலப்பக்கம் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள், ஏன் மாற மாட்டேன் என்கிறீர்கள் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. சுலபம் யாருக்கு என்பதுதான் கேள்வி. அந்தக் கையில் ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கிறது, காலி மனை இல்லை.

வயதானால் கை தளர்ந்துவிடும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. திமத்தி சால்ட்ஹவுஸ் 1984-ல் 19 வயதிலிருந்து 72 வயது வரையிலான டைப்பிஸ்டுகளைச் சோதித்தார். விளக்கு எரிந்தால் பட்டனை அழுத்து மாதிரி சோதனைகளில் மூத்தவர்கள் எதிர்பார்த்தபடி மெதுவாகத்தான் இருந்தார்கள். டைப் அடிக்கச் சொன்னால் இளையவர்களுக்குச் சமமாக அடித்தார்கள். எப்படி? அவர்கள் கண், விரல் இருக்கும் எழுத்தைத் தாண்டி இளையவர்களைவிட இன்னும் சில எழுத்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. விரலுக்குக் கூடுதல் அவகாசம் வாங்கிக்கொடுக்கும் வேலையைக் கண் பார்த்துக்கொண்டது. முன்னால் உள்ள எழுத்துகளை மறைத்து, ஒவ்வொன்றாகத்தான் காட்டுவேன் என்றால் எல்லோருடைய வேகமும் படுத்துவிடும்.

எங்கள் இன்ஸ்டிடியூட்டில் ஹையர்காரர்களுக்கு மேடம் வைத்திருந்த ஒரு பழக்கத்தை இதைப் படித்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஒரு நிமிடம் மட்டும், தவறைப் பற்றிக் கவலைப்படாமல் முடிந்ததற்கும் மேலான வேகத்தில் அடிக்கச் சொல்வார். தாள் கன்றாவியாக இருக்கும். அதை எடுத்து எங்கெல்லாம் சிதறியிருக்கிறது என்று சிவப்பு மையில் சுழித்து, சுழித்த அந்த வார்த்தைகளை மட்டும் பத்துப் பத்து வரி மெதுவாக அடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இன்று யாராவது வந்து, வேகம் 40-ல் நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், கூடவே பேக்ஸ்பேஸ் கீயைப் பிடுங்கி வைத்துவிடுங்கள் என்றும். குரூப் 4-ல் டைப்பிஸ்ட் வேலைக்குக் குறிவைக்கிறவர்கள் மட்டும் கிளாஸுக்கே போய்விடுங்கள், அங்கே சர்டிபிகேட் வேண்டும், ஆப் தருகிற பேட்ஜை யாரும் ஏற்க மாட்டார்கள்.